பாத்ரூம் கதவுக்கு எந்தக் கார்டு?

ஜன்னலோரம் நீங்களே உட்காருங்கள், தம்பி. இருக்கை எண் போடாத வண்டியில் முதலில் ஏறியவருக்குத்தான் ஜன்னல். நான் சிங்காநல்லூர் பஸ் நிலையத்துக்கு ஆறு நிமிடம் தாமதமாக வந்தேன். உரிமை உங்களுடையது. கரூர்தானே? நானும் கரூர்தான். என் மனைவியை அழைத்து வரப் போகிறேன். பதினோரு நாளாகத் தங்கை வீட்டில் இருக்கிறாள். கோபம் என்றெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு நடைமுறைச் சிக்கல், அவ்வளவுதான். கேட்டால் நியாயம் யார் பக்கம் என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

என் பெயர் சிதம்பரநாதன். உரிமம் கொடுக்கிற ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். முப்பத்தொரு வருடத்தில் நான் திருப்பி அனுப்பாத விண்ணப்பம் என்று ஒன்று இருந்தால் அது வந்த அன்றைக்கு நான் விடுப்பில் இருந்திருப்பேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் நூற்று நாற்பத்து நாலு வீடு. இரண்டு வருடத்துக்கு முன்னால் சி பிளாக்கில் ஒருத்தர் சுவரில் படம் மாட்ட ஓர் ஆளைக் கூப்பிட்டார். அவன் துளை போட்டது சுவரில் இல்லை, சுவருக்குள்ளே போன தண்ணீர்க் குழாயில். தண்ணீர் இரண்டு மாடி இறங்கி லிப்ட்டுக்குள் போய்விட்டது. லிப்ட்டுக்குள் மழை பெய்ததை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் நனைந்தே பார்த்திருக்கிறேன். அடுத்த பொதுக்குழுவில் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். ஆக்கினார்கள் என்றால், வேறு யாரும் எழுந்து நிற்கவில்லை.

உடனே நான் விதிகள் எழுதினேன். ‘பழுது மற்றும் சில்லறை வேலைகள் (அனுமதி மற்றும் ஒழுங்கு) விதிகள்’. நாற்பத்தோரு விதி. குடியிருப்புக்குள் கை வைக்க வருகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு கார்டு. தண்ணீர் வேலைக்கு நீலம், கரண்ட் வேலைக்கு மஞ்சள், மர வேலைக்குப் பச்சை. ஒருவருக்கு ஒரு கார்டு. எந்த வேலையானாலும் முதலில் படிவம், அதில் வீட்டு உரிமையாளர் கையெழுத்து, அப்புறம் என் கையெழுத்து, அதற்குப் பிறகுதான் ஆள் உள்ளே வரலாம். நீர்க்கசிவுக்கு மட்டும் படிவம் வேண்டாம் என்று விலக்கு வைத்தேன். லிப்ட் அனுபவம் இருக்கிறதல்லவா? நான் ஈரமில்லாதவன் இல்லை, தம்பி.

இதில் மாரப்பன் என்று ஓர் ஆள். குடியிருப்புக்குப் பின்னால் இருக்கிற சந்தில்தான் வீடு. இருபது வருடமாக எங்களுக்குக் குழாய்க்கு வாசர் போடுவது, ஃபேனுக்குக் கெப்பாசிட்டர் மாற்றுவது, கதவு உரசினால் செதுக்கிக் கொடுப்பது எல்லாம் அவன்தான். கார்டு கொடுக்க வரிசையில் நிற்க வைத்துக் கேட்டேன்.

“உன் தொழில் என்னப்பா?”

“எல்லா வேலையும் பாப்பனுங்க சாரு.”

“எல்லா வேலையும் என்று ஒரு தொழில் கிடையாது.”

“அதத்தானுங்க இருவது வருசமாப் பண்ணிட்டு இருக்கறேன்.”

பாருங்கள், ஒரு மனிதன் இல்லாத தொழிலை இருபது வருடம் செய்திருக்கிறான். நான் வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் நீலம் கொடுத்தேன். அவன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “அப்ப என்ற கையில மத்த வேலையெல்லாம் மறந்துரோணுங்களா?” என்று கேட்டான். மறக்க வேண்டாம், செய்யாமல் இருந்தால் போதும் என்றேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் பதினைந்து நிமிடத்துக்குள் முடிகிற வேலைக்குக் கார்டும் வேண்டாம், படிவமும் வேண்டாம் என்றுதான் வைத்திருந்தேன். என்ன செய்தார்கள் தெரியுமா? பி பிளாக்கில் ஒரு புது அலமாரியை ஒன்பது நாளில் மாட்டினார்கள். தினம் பதினாலு நிமிடம். வாட்ச்மேன் சூசை கையில் கடிகாரத்தோடு வாசலில் நிற்கிறான், உள்ளே இருந்து ஆள் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, “நாளைக்கு வர்றேனுங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போகிறான். அந்த விலக்கை நானே ரத்து செய்தேன். தாராளமாக இருந்தால் இதுதான் நடக்கும்.

அதற்கப்புறம் ஏ பிளாக் டெய்சி டீச்சர் வீட்டில் மாரப்பன் ஒரு கீலுக்கு ஸ்க்ரூ முடுக்கிவிட்டான். நீலக் கார்டை வைத்துக்கொண்டு கீல்! பதினைந்து நாள் கார்டைப் பறித்து வைத்தேன். டீச்சர் என்னோடு பேசுவதில்லை. என் மனைவி வசந்தாமணியும் இரண்டு நாள் பேசவில்லை. டீச்சரும் அவளும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர்கள்.

வண்டி பல்லடம் தாண்டிவிட்டதா? சரி. இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

வசந்தாமணியின் தங்கை மகள் நித்திலா. எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்தப் பெண் ப்ளஸ் ஒன்னும் ப்ளஸ் டூவும் எங்கள் வீட்டில் இருந்துதான் படித்தாள். ராத்திரி அவளும் வசந்தாமணியும் கணக்குப் போட்டுக்கொண்டு சிரிப்பார்கள். கணக்கில் என்ன சிரிப்பு என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. பதினோரு நாளைக்கு முன்னால் அவளுக்கு நிச்சயதார்த்தம். கரூரில். காலை பதினோரு மணியிலிருந்து பன்னிரண்டுக்குள். பெரியம்மாதான் முதல் தட்டைத் தூக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணே சொல்லியிருந்தாள். நாங்கள் ஆறே முக்கால் பஸ்ஸுக்குப் போவதாக ஏற்பாடு.

காலை ஆறு மணிக்கு வசந்தாமணி குளிக்கப் போனாள். ஆறேகாலுக்கு உள்ளேயிருந்து குரல்.

“ஏனுங்க, தாப்பா வரமாட்டேங்குது.”

நான் போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாளின் நாக்கு உள்ளே ஒடிந்து மாட்டிக்கொண்டது. அவள் உலுக்குகிறாள், நான் இழுக்கிறேன், கதவு அசைந்து கொடுக்கவில்லை. சூசைக்குப் போன் செய்தேன். அவன் பின்சந்துக்கு ஓடி மாரப்பனை எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஆறரை மணிக்கு ஆள் என் வீட்டு வாசலில், கையில் திருப்புளியோடு. யாரும் சுணங்கவில்லை, அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

மாரப்பன் கதவைப் பார்த்தான். “கீலு வெளிப்பக்கந்தானுங்க இருக்குது. ரெண்டு நிமிசம். ஆறு ஸ்க்ரூவக் கழட்டுனாக் கதவு கையில வந்துரும்.”

நான், “கொஞ்சம் பொறு” என்றேன்.

ஏன் பொறு என்றேன்? நினைத்துப் பாருங்கள், தம்பி. டெய்சி டீச்சர் வீட்டுக் கீலுக்குப் பதினைந்து நாள். என் வீட்டுக் கீலுக்கு ஒன்றுமில்லை என்றால் நாளைக்கு நான் நோட்டீஸ் போர்டு பக்கம் போக முடியுமா? அடுத்தவருக்கு ஒரு விதி, செயலாளருக்கு ஒரு விதி என்று ஒருத்தர் வாயிலும் வந்துவிடக் கூடாது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் சறுக்கியிருப்பார்கள்.

“இது கதவு வேலை. உன்னிடம் இருப்பது நீலக் கார்டு” என்றேன்.

“பாத்ரூம் கதவுதானுங்களே சாரு. தண்ணி பொழங்கற எடம்.”

“இடத்தை வைத்து வேலையைத் தீர்மானிக்க முடியாது. கதவு என்றால் மர வேலை, பச்சை.”

அவன் விரலால் கதவைத் தட்டிக் காட்டினான். “இது பிளாஸ்டிக்குங்க.”

நான் திடுக்கிட்டேன். உண்மைதான். பிளாஸ்டிக் கதவு எந்தக் கார்டிலும் வராது. நாற்பத்தோரு விதியில் ஓர் ஓட்டை! அதை என் குறிப்பேட்டில் உடனே எழுதிக்கொண்டேன். உள்ளேயிருந்து வசந்தாமணி, “என்ன நடக்குதுங்க அங்க?” என்றாள். “பொருளின் தன்மை பற்றி ஒரு சந்தேகம்” என்றேன்.

மாரப்பன் திருப்புளியை என்னிடம் நீட்டினான். “அப்ப நீங்களே கழட்டீருங்க சாரு. சொந்த வீட்டுல சொந்தக்காரரே பண்ணுனாக் கார்டு வேண்டாம்னு நீங்கதான எழுதியிருக்கறீங்க?”

விதியை அவ்வளவு நன்றாகப் படித்திருக்கிறான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். ஆனால் வீடு என் பெயரில் இல்லை. அவள் வேலையில் இருந்தபோது வாங்கியது. நிர்வாக வசதிக்காக அவள் பெயரிலேயே விட்டுவைத்திருக்கிறேன். ஆகவே சொந்தக்காரி அவள். கழற்றும் உரிமை அவளுக்குத்தான். அவள் உள்ளே. ஸ்க்ரூ வெளியே.

சூசை சொன்னான், “அம்மா ஒண்டியா மாட்டிக்கிட்டு இருக்காங்க சார். மனுசன்னு ஒண்ணு இருக்குல்ல?”

“மனிதனுக்காகத்தான் படிவம்” என்றேன்.

ஒரே வழிதான் இருந்தது. பிளாஸ்டிக் கதவைச் சிறப்பு இனமாகக் கருதி, படிவத்தில் உரிமையாளர் கையெழுத்து வாங்கி, நான் கீழே குறிப்பு எழுதி ஒப்புதல் தருவது. படிவம் எடுக்கச் சங்க அலுவலகத்துக்குப் போனேன். போனால் படிவக் கட்டு தீர்ந்திருக்கிறது, மாதிரி ஒன்றுதான் மிச்சம். ஜெராக்ஸ் கடை ஏழரைக்குத்தான் திறக்கிறான். காத்திருந்து நகல் எடுத்து வந்து, கதவுக்குக் கீழே இருக்கிற இடுக்கில் தள்ளினேன். பேனாவையும் உருட்டிவிட்டேன்.

“இது என்னங்க?”

“படிவம். கையெழுத்துப் போட்டு அனுப்பு. உடனே கதவைக் கழற்றிவிடலாம்.”

 உள்ளே பேனா கிறுக்குகிற சத்தம். படிவம் வெளியே வந்தது. தேதி போடவில்லை. திருப்பி அனுப்பினேன். வந்தது. வீட்டு எண் இல்லை. திருப்பி அனுப்பினேன். வந்தது. ‘வேலைக்கான காரணம்’ என்ற இடத்தில் ‘என் வீட்டுக்காரர்’ என்று எழுதியிருந்தாள்.

காரணம் என்ற இடத்தில் நிகழ்வுதான் வர வேண்டும், ஆள் வரக்கூடாது. முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவள், இது தெரியாதா? பதற்றம். வேறென்ன? புதுப் படிவம் ஒன்றைத் தள்ளினேன்.

அந்தப் படிவம் வெளியே வரவேயில்லை, தம்பி.

எட்டரைக்கு நித்திலா என் போனில் கூப்பிட்டாள். போனைக் கதவோரம் பிடித்துக்கொண்டேன். “பெரியம்மா, எங்க வந்துட்டு இருக்கீங்க? வெள்ளகோவில் தாண்டியாச்சா?” என்று அந்தப் பெண் கேட்கிறாள். “பாத்ரூம்ல இருக்கறேன் கண்ணு” என்று இவள் சொல்கிறாள். “நீங்க வர்ற வரைக்கும் தட்ட யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன்” என்கிறாள் அவள். அதற்கப்புறம் உள்ளே மூக்கு உறிஞ்சுகிற சத்தம். ஈரத் தரையில் இரண்டு மணி நேரம் நின்றால் சளி பிடிக்கத்தானே செய்யும்? எனக்கும் மனிதாபிமானம் உண்டு. இரண்டு பிஸ்கட்டை இடுக்கு வழியாகத் தள்ளினேன். இரண்டும் திரும்பி வந்தன.

ஒன்பது இருபதுக்கு மாரப்பன் எழுந்தான். அதுவரைக்கும் கதவுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துதான் இருந்தான், போகவில்லை. கதவுப் பக்கம் குனிந்து, மெதுவாக, “அம்மா, உள்ள கொழாயி ஏதாச்சும் ஒழுகுதுங்களா?” என்று கேட்டான்.

“இல்லியே” என்றாள்.

“நல்லாப் பாருங்க அம்மா. ஒழுகுனா எனக்குப் படிவம் வேண்டாமுங்க. நீலக் கார்டே போதும்.”

 உள்ளே டமார் என்று ஒரு சத்தம், இரும்பு வாளி எதன் மீதோ மோதின மாதிரி. இன்னொரு டமார். தண்ணீர் பீறிட்டு அடிக்கிற சத்தம். “கொழா ஒடஞ்சிருச்சு!” என்று வசந்தாமணி கத்தினாள். இடுக்கு வழியாகத் தண்ணீர் என் காலுக்கு வந்துவிட்டது.

நல்ல குழாய், தம்பி. போன மாசம்தான் போட்டோம். அது எப்படி அன்றைக்குப் பார்த்து, அந்த நிமிடம் பார்த்து உடைந்தது என்பது இன்றைக்கு வரை எனக்குப் பிடிபடவில்லை.

மாரப்பன் என்னைப் பார்த்தான். “சாரு, நீர்க்கசிவு. கொழாய்க்கிட்டப் போகோணும். கதவு எடஞ்சலா இருக்குது.”

இருபத்திரண்டாம் விதி! ஒருவர் தம் தொழிலைச் செய்ய இடையூறாக இருக்கும் பொருளை அகற்றுவது அத்தொழிலின் பகுதியே ஆகும். வாஷிங் மெஷினை நகர்த்துவதற்காக எழுதினது. நான் எழுதின விதி எனக்கே வந்து கைகொடுக்கிறது. சத்தமாகவே படித்துக் காட்டினேன். “கழற்றலாம்!” என்றேன். இரண்டு நிமிடம் என்றானல்லவா? ஒன்றரை நிமிடத்தில் கழற்றிவிட்டான்.

ஆனால் அவள் புறப்படும்போது ஒன்பதே முக்கால். கரூர் போய்ச் சேரும்போது ஒரு மணி. தட்டை வேறு யாரோ தூக்கியிருந்தார்கள்.

அவள் வெளியே வந்து என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. சேலை மாற்றினாள், பையை எடுத்தாள். மாரப்பனிடம் போய் இரண்டு கையையும் குவித்து, “ரொம்ப நன்றிங்க” என்றாள்.  நானும் வருகிறேன் என்று செருப்பைத் தேடினேன். மாட்டிக்கொண்டு கீழே வருவதற்குள் ஆட்டோ போய்விட்டது.

மாரப்பன் குழாயை அடைத்துக் கொடுத்தான். கதவை மாட்டு என்றேன். “கழட்டறது கொழாய்க்கு எடஞ்சலுங்க சாரு. மாட்டறது கதவு வேலையுங்க. நமக்கெதுக்கு வம்பு?” என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டான். பதினோரு நாளாக என் பாத்ரூமுக்குக் கதவு இல்லை. தனியாக இருப்பதால் பெரிய சிரமம் இல்லை. சூசை வந்தால்தான் கொஞ்சம்.

போன் செய்தால் அவள் எடுப்பதில்லை. தங்கைதான் எடுக்கிறாள். “அக்கா தூங்குது மாமா”, “அக்கா கோயிலுக்குப் போயிருக்குது மாமா.” ஒரு நாளைக்கு இரண்டு தடவை தூங்குகிறாள், மூன்று தடவை கோயிலுக்குப் போகிறாள். யோசித்துப் பார்த்தேன். குறை எங்கே? விதியில்தான். அவசரத்துக்கு என்று ஒரு பிரிவு இல்லை. அவளுக்கு வருத்தம் அதுதான், வேறென்ன இருக்க முடியும்?

இதோ, சட்டைப் பையில் இருக்கிறது, பாருங்கள். திருத்தம். போன ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் நிறைவேற்றினேன். ‘வீட்டு உரிமையாளர் அவசரம் என்று எழுதித் தருவது எதுவானாலும் அவசரமே. அது ஏன் அவசரம் என்று செயலாளர் கேட்கலாகாது. போனிலேயே ஒப்புதல் தரலாம்.’ கேட்கலாகாது! நான் எழுதினேன், தம்பி. என் சர்வீஸில் இப்படி ஒரு வரி எழுதினதில்லை. எழுதிவிட்டு ராத்திரி இரண்டு முறை எழுந்து அந்த வரியை அடிக்கப் போனேன். அடிக்கவில்லை. அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் வந்தது. பதில் வரவில்லை. அதனால்தான் கையோடு எடுத்துக்கொண்டு நேரில் போகிறேன். படித்துக் காட்டினால் வந்துவிடுவாள்.

ஒரு நிமிடம். போன் அடிக்கிறது. சூசை.

சொல்லு சூசை… யாரு?… அம்மாவா? எப்போ?… பாருங்கள் தம்பி, வந்துவிட்டாள்! கரூரிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டாளாம். நம் வண்டியும் அவள் வண்டியும் வழியில் எங்கேயோ எதிரும் புதிருமாகப் போயிருக்கும். நான் சொன்னேனா இல்லையா? திருத்தம் வேலை செய்துவிட்டது… ஆங், சொல்லு சூசை. ஆளோடு வந்திருக்கிறாளா? எந்தக் கார்டு?… பச்சை. நல்லது, நல்லது. படிவம்?… படி… பெயர், சரி. வீட்டு எண், சரி. தேதி, சரி. வேலை? ‘பாத்ரூம் கதவு மாட்டுதல்.’ சரி… இன்னொன்றா? ‘வாசல் கதவுப் பூட்டு மாற்றுதல்.’ காரணம்?… ‘அவசரம்.’

வேறு எதுவும் எழுதவில்லையா, சூசை? அடியில்?… மறுபக்கம்?… சரி.

இல்லை, ஏன் என்று கேட்காதே. கேட்கலாகாது. விதி இருக்கிறது. ஒப்புதல் கொடுத்துவிட்டேன் என்று எழுதிக்கொள். நேரம் போடு.

என்ன?… எந்தப் பெட்டி?… என் சட்டை துணிமணியா. கேட்டில் வைக்கிறாளா? அதற்கு என்ன… ஆமாம், வெளியே போகிற சாமானுக்கு அனுமதி வேண்டும்தான். சாமான் யாருடையதோ அவர் அனுமதி. என்னுடையதுதான். வைத்துக்கொள் சூசை. வெயில் படாமல் வை.

கண்டக்டர், அடுத்தது வெள்ளகோவில்தானே? நான் இறங்குவதா… இல்லை, இருங்கள். நீங்கள் போங்கள்.

இந்தக் காகிதத்தைக் கொஞ்சம் பிடியுங்கள், தம்பி. ஒப்புதல் கொடுத்த நேரத்தைக் குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

முப்பத்து நாலு வருடமாச்சு கல்யாணம் ஆகி. அவளாக எதற்கும் என்னிடம் அனுமதி கேட்டதில்லை. இன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறாள். படிவத்தில் ஒரு பிழை இல்லையாம். நான் எதை வைத்துத் திருப்பி அனுப்புவது, சொல்லுங்கள்?